எண்ணெய் படிந்த கடலடிச் சேற்றில் பாக்டீரியா என்ன செய்கிறது? 16எஸ் பட்டியலை நம்பலாமா?

#1 நீரோட்டம்

வணக்கம். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. "பாக்டீரியாவே எண்ணெயைத் தின்று தீர்த்துவிட்டது" என்று ஒரு பக்கம். "கடல்தரையில் அப்படியே கிடக்கிறது" என்று இன்னொரு பக்கம். எது சரி?

கேட்பதற்குக் காரணம் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்திலும் வெளியே கடலிலும் சேறு எடுத்து, எண்ணெய் மாசு அங்குள்ள பாக்டீரியாக் கூட்டத்தை எப்படி மாற்றியிருக்கிறது என்று பார்க்க ஒரு திட்டம் எழுத வேண்டும். இப்போதைய யோசனை: 12 இடம், இடத்துக்கு ஒரு கிராப் (சேற்றை அள்ளும் கவ்வி), ஜிப்லாக் பையில் போட்டு ஐஸ் பெட்டி, பிறகு 16எஸ் சீக்வென்சிங் (எந்தப் பாக்டீரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் மரபணுவைப் படிப்பது). எண்ணெய் தின்னும் பாக்டீரியாவான அல்கனிவோராக்ஸின் சதவீதம் கூடின இடமெல்லாம் எண்ணெய் பட்ட இடம் என்று காட்டிவிடலாமா? ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள். திட்டு வாங்கத் தயார்.

#2 சேற்றுவாசம்

முதல் கேள்விக்கு: இரண்டும் சரி. ஒருவர் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் சேற்றைப் பற்றி.

எண்ணெய் கசிந்த மக்கோண்டோ கிணற்றின் வாய் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. ஏப்ரல் 20 அன்று வெடிப்பு, ஜூலை 15 அன்று மூடல், நடுவே 87 நாள் ஒழுக்கு. வந்ததெல்லாம் மேலே மிதந்துவிடவில்லை. ஒரு பகுதி நுண்துளியாகவும் கரைந்த வாயுவாகவும் 1,100 மீட்டர் வாக்கில் தேங்கி, பக்கவாட்டில் மேகம் மாதிரிப் பரவியது. அங்கே பாக்டீரியா வேகமாக வேலை பார்த்தது உண்மை. துளி சிறியது, சுற்றிலும் ஆக்சிஜன் உள்ள நீர், நீரோட்டம் வேறு. "தின்று தீர்த்தது" என்ற செய்தி அங்கிருந்து கிளம்பியது.

தரைக்கு எண்ணெய் போன வழிகள் இரண்டு. ஒன்று, அந்த மேகம் சரிவில் போய் உரசிய இடங்கள். மற்றொன்று கடல் பனி: பாசி, பாக்டீரியா விடும் கோந்து, களிமண் துகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு பஞ்சுபோல் கீழே இறங்குவது. கசிவு நடந்த மாதங்களில் இது வழக்கத்தை விட மிக அதிகம். பிறகு ஹோப்பேன் என்ற, சுலபத்தில் சிதையாத சேர்மத்தைத் தடம் வைத்துக் கணக்கிட்டபோது, சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் தரையில் அந்தப் படிவு தெரிந்தது. ஆழ்கடலில் தேங்கிய எண்ணெயில் 4 முதல் 31 சதவீதம் வரை அங்கே படிந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒரு கோருக்கும் (குழாயை அழுத்தி எடுக்கும் சேற்றுத் தண்டு) பக்கத்துக் கோருக்கும் சம்பந்தமே இருக்காது, அவ்வளவு திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்த பிறகு சிதைவு மந்தமாகிவிட்டது. அதிலும் எண்ணெய் கனமாகப் படிந்த இடத்தில் இன்னும் மந்தம். நான்கு வருட வண்டல் மாதிரிகளில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்தும் இதைத்தான் பார்த்தார்கள்.

#3 நுண்ணுயிரன்

யார் பெருகினார்கள் என்பதைச் சேர்த்துவிடுகிறேன்.

நீர் மேகத்தில் முதலில் ஓசியனோஸ்பிரில்லேல்ஸ் வரிசையைச் சேர்ந்தவை. பிறகு சைக்ளோகிளாஸ்டிகஸ், கோல்வெல்லியா. முதல் கும்பல் நேர்சங்கிலி ஆல்கேன்களை (எண்ணெயில் சுலபமாகச் சிதையும் ஹைட்ரோகார்பன்கள்) முடிக்க, அடுத்தது வளைய சேர்மங்களையும் சிறு வாயுக்களையும் எடுத்துக்கொண்டது. பந்தியில் இலை மாறுவது மாதிரி.

2010 இலையுதிர் காலத்தில் தரையிலிருந்து எடுத்த 64 மேல்மட்டச் சேற்று மாதிரிகளில், கிணற்றருகே இருந்த 7 மட்டும் பல்வளைய அரோமேட்டிக் அளவில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வரம்பைத் தாண்டின. அவற்றில் மிகுந்திருந்தவை, அதுவரை தனியாக வளர்க்கப்படாத ஒரு காமா-புரோட்டியோபாக்டீரியாவும் ஒரு கோல்வெல்லியாவும். இரண்டும் மேலே நீர் மேகத்தில் கண்டவற்றுக்கு மிக நெருக்கம். அதாவது எண்ணெயோடு சேர்ந்தே கீழே இறங்கியிருக்க வாய்ப்புண்டு. சேற்றில் கண்டதெல்லாம் சேற்றிலேயே பெருகியது என்று எழுதிவிடக் கூடாது.

இப்போது உங்கள் அல்கனிவோராக்ஸ். ஃப்ளோரிடாவின் பென்சகோலா கடற்கரை மணலில் அது முன்வரிசையில் வந்தது. அது வெயில் படும், அலை அடிக்கும், ஆக்சிஜன் நிறைந்த மணல். ஆழ்கடலில் 4 டிகிரி குளிரில் அந்த இடத்தைக் கோல்வெல்லியா மாதிரிக் குளிர்விரும்பிகள் பிடித்துக்கொண்டன. எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குக் கீழே கிடையாது. அங்கே அல்கனிவோராக்ஸ் இல்லையென்றால் எண்ணெய் இல்லை என்று ஆகாது. ஒற்றைப் பெயரை மாசுமானியாக வைக்க வேண்டாம்.

#4 மறுபக்கம்

ஒண்ணு புரியல. சாப்பாடு கொட்டிக் கிடக்கு, சாப்பிடுற ஆளும் இருக்கு. அப்புறம் ஏன் கனமா படிஞ்ச இடத்துல மந்தம்? விஷத்தன்மையா? குளிரா? இல்ல எண்ணெயைச் சிறு துளியா உடைக்க மேல தெளிச்ச டிஸ்பர்சன்ட்டா? எல்லாரும் கடைசில "காரணிகள் பல"ன்னு முடிச்சிடுறாங்க.

#5 சேற்றுவாசம்

கையில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

எண்ணெயைத் தோராயமாக ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு எடை 14. முழுக்கக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் எரிக்க ஒன்றரை ஆக்சிஜன் மூலக்கூறு, அதாவது 48 கிராம். ஆக, 1 கிராம் எண்ணெய்க்கு ஏறக்குறைய 3.4 கிராம் ஆக்சிஜன். நம் கடற்கரையில் 28 டிகிரியில் நிறைசெறிவுள்ள கடல்நீரில் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம் வாக்கில்தான் ஆக்சிஜன் இருக்கும். வகுத்தால் 530 லிட்டர் சொச்சம். ஒரு கிராம் எண்ணெய்க்கு இரண்டரை டிரம் கடல்நீரின் ஆக்சிஜன் மொத்தமும் வேண்டும்.

கொஞ்சம் கார்பன் செல்லாக மாறும், அதனால் தேவை குறையும் என்று சொல்வீர்கள். பாதி குறைத்தாலும் 260 லிட்டர்.

நடுநீரில் மிதக்கும் துளிக்கு அது பிரச்சினையே இல்லை, நீர் வந்துகொண்டே இருக்கும். சேற்றுக்குள் ஆக்சிஜன் ஊடுபரவித்தான் இறங்க வேண்டும். வளமான கரையோரச் சேற்றில் அது சில மில்லிமீட்டரில் தீர்ந்துவிடும். ஆழ்கடலில் மேலிருந்து விழும் உணவு குறைவு என்பதால் சில சென்டிமீட்டர் வரை போகும். அதன்மேல் எண்ணெய் கலந்த பஞ்சுப் படிவு ஒரு சென்டிமீட்டர் விழுந்தால் அந்தப் படிவே ஆக்சிஜனைக் குடித்துவிடும். கீழே எதுவும் போகாது. இதோடு இன்னொன்று: சேற்றைத் துளைத்து நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த புழுக்களும் சிறு உயிர்களும் செத்தால் அந்தக் காற்றோட்டமும் நின்றுவிடும். மக்கோண்டோவைச் சுற்றி அடித்தரைச் சிறுவிலங்குகளுக்குக் கடும் பாதிப்பு 24 சதுர கிலோமீட்டர், மிதமான பாதிப்பு 148 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாக்டீரியாவைப் பேசும்போது இந்தப் புழுக்களை யாரும் நினைப்பதில்லை.

இதனால்தான் கனமாகப் படிந்த இடம் மந்தம். டிஸ்பர்சன்ட் கேள்வியை நுண்ணுயிரனுக்கு விடுகிறேன்.

#6 நுண்ணுயிரன்

டிஸ்பர்சன்ட் இன்னும் தீராத சண்டை. ஆய்வகக் குடுவையில் டிஸ்பர்சன்ட் சேர்த்தபோது கோல்வெல்லியா பெருகி, எண்ணெய் சிதைக்கும் மரினோபாக்டர் பின்னுக்குப் போனது, எண்ணெய்ச் சிதைவும் கூடவில்லை என்று ஒரு தரப்பு. அந்தக் குடுவைச் செறிவு கடலில் இருந்ததைப் போல் இல்லை, துளி சிறிதானால் பரப்பு கூடி வேகமும் கூடும் என்று மறுதரப்பு. சேற்றைப் பொறுத்தவரை இதை வைத்து எந்த முடிவுக்கும் போக மாட்டேன்.

நைட்ரஜனையும் கணக்கில் எடுங்கள். எண்ணெயில் கார்பன் மலைபோல், நைட்ரஜன் சொற்பம். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்ற பழைய கட்டைவிரல் விதிப்படி 1 கிராம் எண்ணெய்க்கு 86 மில்லிகிராம் நைட்ரஜன் வேண்டும். ஆழ்நீரில் நைட்ரேட்டாக இருப்பது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் வாக்கில். மேல்நீரில் அதுவும் இல்லை. பென்சகோலா மணலில் எண்ணெய் பட்ட இடங்களில் முப்பது சதவீதம் வரை ஆக்கிரமித்திருந்த ஒரு பாக்டீரியாவுக்கு மக்கோண்டிமோனாஸ் டயசோட்ரோஃபிகா என்று பெயர் வைத்தார்கள். எண்ணெயையும் சிதைக்கும், காற்று நைட்ரஜனையும் தானே நிலைப்படுத்திக்கொள்ளும். நைட்ரஜன் பஞ்சத்தில் அப்படிப்பட்டது ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் நைட்ரஜன் பஞ்சம் இருக்காது. அங்கே விழும் கழிவுநீரே போதும். அங்கே முட்டுக்கட்டை ஆக்சிஜன்தான்.

#7 நீரோட்டம்

ஆக்சிஜன் இல்லாவிட்டால் சல்ஃபேட் இருக்கிறதே? கடல்நீரில் ஏராளம். சல்ஃபேட் ஒடுக்கிகள் (ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியா) எண்ணெயைச் சிதைக்கும் என்று படித்தேன். அப்படியென்றால் கீழே இருக்கும் எண்ணெயும் தீர்ந்துவிட வேண்டும் அல்லவா?

#8 நுண்ணுயிரன்

நல்ல கேள்வி. சேற்றுவாசத்தின் கணக்கையே தொடருங்கள். அதே கார்பன் அலகுக்கு முக்கால் சல்ஃபேட் போதும். 1 கிராம் எண்ணெய்க்கு 54 மில்லிமோல். கடல்நீரில் லிட்டருக்கு 28 மில்லிமோல் இருக்கிறது. இரண்டு லிட்டருக்கும் கீழே முடிந்துவிட்டது. ஆக்சிஜனுக்கு 530, சல்ஃபேட்டுக்கு 2. இருப்பு என்று பார்த்தால் சல்ஃபேட் பெரிய கிடங்கு.

சிக்கல் வேகத்தில். ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஆக்சிஜனேஸ் நொதி ஆல்கேனின் முனையில் ஆக்சிஜனைச் செருகிப் பூட்டைத் திறந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்த ஹைட்ரோகார்பனை ஃபியூமரேட்டோடு ஒட்டித்தான் தொடங்க வேண்டும். அதைச் செய்பவை மெல்ல வளர்பவை, கிடைக்கும் ஆற்றலும் குறைவு. டிசல்ஃபோசார்சினா மாதிரிச் சல்ஃபேட் ஒடுக்கிகளுக்கு இரட்டிப்பாக நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். டொலுவீன் மாதிரிச் சிறு வளையங்களும் ஆல்கேன்களும் நகரும். நான்கு, ஐந்து வளையங்கள் கொண்டவை அசையவே அசையாது என்று சொல்லும் அளவுக்கு மந்தம். மக்கோண்டோவுக்கு அருகில் எடுத்த கோர்களில் இந்த ஃபியூமரேட் வழி மரபணுக்கள் கிடைத்தன. வழி திறந்திருக்கிறது என்பதற்கு அது ஆதாரம். எவ்வளவு போனது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

செலவும் உண்டு. ஒடுக்கிய சல்ஃபேட் அத்தனையும் சல்ஃபைடாகிறது. சேற்றில் இரும்பு இருக்கும் வரை கறுப்பாகப் பிடித்துவைக்கும். இரும்பு தீர்ந்ததும் அழுகின முட்டை நாற்றம், மேலே சல்ஃபைடு தின்னும் பெக்கியாட்டோவா பாக்டீரியாவின் வெள்ளைப் பாய், புழுக்கள் இன்னும் சாகும், சேறு இன்னும் மூச்சடைக்கும்.

#9 எண்ணூர்க் கரை

அண்ணே, நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். 2017 ஜனவரி 28 காமராசர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதினப்பவும் சரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் வந்தப்பவும் சரி, எண்ணெய் தின்னும் பாக்டீரியா பவுடர் தூவினா சரியாயிடும்னு ஒரு பேச்சு ஓடுச்சு. அது நெசமாவே வேலை செய்யுமா? சேத்துக்குள்ள இறங்குனதுக்கு?

#10 சேற்றுவாசம்

கரையில் வாரிக் குவித்த எண்ணெய்க் கசடைக் குழியில் போட்டு, உரம் கலந்து, அடிக்கடி புரட்டிக் கொடுத்தால் குறையும். அங்கே பாதி வேலை புரட்டுவதில் இருக்கிறது, காற்று உள்ளே போகிறதே.

சேற்றுக்குள் இருப்பதற்குப் பவுடர் தூவுவதில் பயன் இல்லை. 1994-ல் டெலவேர் விரிகுடாக் கரையில் வேண்டுமென்றே லேசான கச்சா எண்ணெயை ஊற்றி, பாத்தி பிரித்து சோதித்தார்கள். ஒன்றும் சேர்க்காத பாத்தி, உரம் மட்டும், உரத்தோடு அந்தக் கரையிலேயே எடுத்து வளர்த்த பாக்டீரியா. மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் இல்லை. உரத்துக்கேகூடப் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அந்தக் கரை நீரில் நைட்ரேட் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. எக்ஸான் வால்டீஸ் கப்பல் கசிவுக்குப் பிறகு அலாஸ்காவில் கடைச்சரக்குப் பாக்டீரியாவைச் சோதித்தபோதும் இதே கதை. ஆனால் அங்கே நைட்ரஜன் பஞ்சம் இருந்ததால் உரம் பலன் தந்தது.

எண்ணூரில் துறைமுகம், படகு டீசல், கழிவு என்று வருடக்கணக்கில் எண்ணெய் விழுகிறது. தின்னும் பாக்டீரியாவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. மெக்சிகோ வளைகுடாவும் அப்படித்தான். தரை வெடிப்புகள் வழியாக இயற்கையாகவே வருடம் 1,40,000 டன் வாக்கில் எண்ணெய் கசிகிற கடல் அது. ஆட்கள் முன்பே தயார்.

தவிர, மக்கோண்டோ எண்ணெய் லேசான கச்சா எண்ணெய். 2017-ல் எண்ணூரில் கரையொதுங்கியது கப்பல் எரிபொருளான கனத்த ஃபர்னஸ் ஆயில் வகை. பிசினும் ஆஸ்ஃபால்ட்டீனும் (தார்போன்ற கனச் சேர்மங்கள்) அதில் அதிகம். எந்தப் பாக்டீரியாவுக்கும் அது எலும்பு.

#11 எண்ணூர்க் கரை

அப்ப வாளில வாரினதுதான் சரின்றீங்க.

#12 சேற்றுவாசம்

சேற்றுக்குள் இறங்குமுன் வாரிய ஒவ்வொரு வாளியும் கணக்கில் வரும். ஆனால் கையுறை, முகமூடி இல்லாமல் வாரவைத்தது தப்பு. இறங்கின பிறகு சேற்றைக் கிளறினால் சல்ஃபைடும் எண்ணெயும் மறுபடி நீருக்கு வரும். இறால், நண்டு பிடிக்கிற இடத்தில் அதைச் செய்யக் கூடாது.

#13 நுண்ணுயிரன்

நீரோட்டம், உங்கள் திட்டத்துக்கு வருவோம். கிராப்பும் ஜிப்லாக் பையும் இரண்டும் போக வேண்டும்.

கிராப் இறங்கும்போது அலை எழுப்பி, மேலே உள்ள மெல்லிய பஞ்சுப் படிவை ஊதித் தள்ளிவிடும். நீங்கள் தேடுவதே அதைத்தான். உள்ளே வருவது மேலும் கீழுமாகக் கலந்த சேறு. ஆக்சிஜன் உள்ள 3 மில்லிமீட்டரும் இல்லாத 10 சென்டிமீட்டரும் ஒரே டிஎன்ஏவாக வரும், அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. 5 மீட்டர், 10 மீட்டர் ஆழம்தானே? முக்குளிப்பவர் கையால் அழுத்தும் கோர்க் குழாய் போதும். உள்விட்டம் 6 முதல் 10 சென்டிமீட்டர். குழாயில் சேற்றின்மேல் நிற்கும் நீர் தெளிவாக இருந்தால்தான் அந்தக் கோரை வைத்துக்கொள்ளுங்கள். கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. கிராப்தான் வழி என்றால், மூடியைத் திறந்து, கலங்காத நடுப்பகுதியில் முனை வெட்டிய சிரிஞ்சைக் குத்தி எடுங்கள். ஓரத்தைத் தொடாதீர்கள்.

வெட்டும் கணக்கு: 0–1, 1–3, 3–5, 9–10 சென்டிமீட்டர். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து எத்தனாலில் கழுவுங்கள். குழாய்ச் சுவரை ஒட்டிய அரை சென்டிமீட்டரைத் தள்ளுங்கள், அங்கே மேற்சேறு கீழே தேய்ந்து இறங்கியிருக்கும். இடத்துக்கு ஒரு கோர் என்பது மாதிரி எண்ணிக்கையே ஆகாது. 12 இடம் ஒவ்வொன்று என்பதை விட 5 இடம் மும்மூன்று மேல். செலவும் ஏறக்குறைய அதேதான்.

டிஎன்ஏவுக்கு: படகிலேயே உலர் பனிக்கட்டியில் போடுங்கள், பிறகு மைனஸ் 80. ஐஸ் பெட்டியில் ஆறு மணி நேரம் வைத்தால் 28 டிகிரிச் சேற்றில் உள்ளவை மாறாமல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆக்சிஜன் தீர்ந்த குப்பிக்குள் வேறு கூட்டம் எழும்பும்.

#14 சேற்றுவாசம்

ஹைட்ரோகார்பனுக்குத் தனிக் குப்பி, அதுவும் கண்ணாடி. 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டது. மூடிக்கு அடியில் சுட்ட அலுமினியத் தாள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பையிலிருந்து தாலேட் (பிளாஸ்டிக் மென்மையாக்கி) வரும், எண்ணெயும் பைக்குள் உறிஞ்சும். படகில் இன்ஜினுக்குக் காற்று வரும் பக்கம் நின்று எடுங்கள். ஒரு வெற்றுக் குப்பியைப் படகிலேயே திறந்து வைத்து மூடிக் கொண்டுவாருங்கள். டீசல் புகை எவ்வளவு சேர்ந்தது என்பதை அது சொல்லும்.

ஆய்வகத்தில்: உறைபனி உலர்த்தல், டைகுளோரோமீத்தேனில் பிரித்தல், அதற்கு முன்பே டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஃபினான்த்ரீன் என்ற மூவளையச் சேர்மத்தைத் துல்லியமாகச் சேர்த்துவிட வேண்டும், எவ்வளவு தப்பியது என்று பார்க்க. எண்ணூர்ச் சேற்றில் தனிமக் கந்தகம் நிறைய வரும். அதை நீக்காமல் நேராக ஜிசி-எம்எஸ் கருவியில் ஏற்றினால் நடுவில் பெரிய கூனாக எழுந்து பக்கத்து உச்சிகளை விழுங்கும். அமிலத்தில் கழுவிப் பளபளப்பாக்கிய செம்புத் தூளைச் சாறுக்குள் போட்டு ஓர் இரவு வையுங்கள். செம்பு கறுத்தால் இன்னும் கொஞ்சம். கறுக்காமல் நின்றால்தான் சிலிக்கா நிரலுக்கு.

படிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 18 கார்பன் நேர்சங்கிலி ஆல்கேனுக்கும் ஃபைட்டேன் என்ற கிளைச்சங்கிலிச் சேர்மத்துக்கும் உள்ள விகிதம். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆவியாகும், ஒரே மாதிரி கரையும். பாக்டீரியா மட்டும் நேர்சங்கிலியை முதலில் தின்னும். விகிதம் சரிந்தால் உயிர்ச்சிதைவு நடந்திருக்கிறது. நாட்பட்ட எண்ணெயில் ஃபைட்டேனும் போகும், அப்போது இந்த விகிதம் ஏமாற்றும்.

இரண்டாவது, ஹோப்பேன் கணக்கு. புது எண்ணெயில் ஃபினான்த்ரீனுக்கும் ஹோப்பேனுக்கும் விகிதம் 10 என்று வைப்போம். சேற்றில் அது 2. அப்படியென்றால் 80 சதவீதம் போய்விட்டது. ஆனால் எங்கே போனது? ஃபினான்த்ரீன் ஓரளவு நீரில் கரைந்தும் போகும். அதனால் "80 சதவீதம் சிதைந்தது" என்று எழுதக் கூடாது, "80 சதவீதம் இழந்தது" என்று எழுதுங்கள். இந்தக் கணக்குக்கு மூல எண்ணெய் மாதிரி கையில் வேண்டும். எண்ணூரில் பத்து மூலம் கலந்திருக்கும். அங்கேதான் திட்டம் தடுக்கி விழும் என்பது என் கணிப்பு.

#15 மறுபக்கம்

சீக்வென்ஸ் பக்கம் யாராவது உடைங்க. 16எஸ் பார் சார்ட்டைப் பார்த்தாலே எனக்கு அலர்ஜி. எல்லாம் நூத்துக்கு நூறுன்னு வந்து நிக்குது.

#16 நுண்ணுயிரன்

அலர்ஜி நியாயம். சின்னக் கணக்கு:

சுத்தமான சேற்றில் கிராமுக்கு 100 கோடி செல். அதில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் நைட்ரோசோபுமிலஸ் 5 சதவீதம், அதாவது 5 கோடி. எண்ணெய் விழுந்து மொத்தம் 400 கோடி ஆகிவிட்டது, நைட்ரோசோபுமிலஸ் அதே 5 கோடியில் நிற்கிறது. பட்டியலில் அது 1.25 சதவீதம். "எண்ணெய் நைட்ரோசோபுமிலஸை முக்கால்வாசி அழித்தது" என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை.

அதனால் மொத்த 16எஸ் நகல்களைக் குவாண்டிடேட்டிவ் பிசிஆரில் (மரபணு நகல்களை எண்ணும் முறை) எண்ணி, சதவீதத்தை அதனால் பெருக்குங்கள். அப்போதும் நகல் எண்ணிக்கை வேறு உறுத்தும். நைட்ரோசோபுமிலஸ் ஒரு செல்லுக்கு ஒரு நகல் வைத்திருக்கிறது, அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ் மூன்று, கோல்வெல்லியா ஒன்பது வரை. வேகமாக வளர்பவை எப்போதும் படத்தில் பெரிதாகத் தெரியும்.

பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு): 16எஸ் மரபணுவின் வி4 பகுதிக்குப் பழைய 515–806 ஜோடி வேண்டாம். அதன் முன்பிரைமர் இதே நைட்ரோசோபுமிலஸ் கூட்டத்தைக் குறைத்துக் காட்டும், பின்பிரைமர் எஸ்ஏஆர்11 என்ற கடல் பாக்டீரியாக் கூட்டத்தை. திருத்திய ஜோடி 2015–16 வாக்கிலேயே வந்துவிட்டது. ஆர்டர் போடும்போது வரிசையை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், பெயர் ஒன்றாகவே இருக்கும்.

டிஎன்ஏ பிரிப்பு: மண்ணுக்கான கிட் பெரும்பாலும் 0.25 கிராம்தான் எடுக்கும். எண்ணெய்த் திட்டுள்ள சேற்றில் கால் கிராம் எதற்கும் பிரதிநிதி ஆகாது. நன்றாகக் கலக்கி மூன்று முறை பிரித்து ஒன்றாக்குங்கள். பழுப்பு நிறமாக வந்தால் மட்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் ஒட்டியிருக்கிறது, பிசிஆர் படுக்கும். பத்துக்கு ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். நீர்த்ததில் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையாமல் அதிகமாகத் தெரிந்தால் தடை இருக்கிறது என்று பொருள். சேறே போடாத ஒரு கிட் வெற்று மாதிரியைச் சீக்வென்ஸ் வரை கொண்டுபோங்கள். செலவு என்று அதை வெட்டுபவர்கள் பிறகு கிட்டிலிருந்தே வந்த சூடோமோனாஸைச் சேற்றில் கண்டுபிடித்ததாக மகிழ்வார்கள்.

#17 நீரோட்டம்

ஷானன் பன்முகக் குறியீடு? மாசுபட்ட இடத்தில் பன்முகம் குறையும் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது.

#18 நுண்ணுயிரன்

புதுக் கசிவில், முதல் வாரங்களில், ஆம். நாலைந்து வகைகள் வெடித்துப் பெருகும், குறியீடு விழும். பென்சகோலா மணலில் ஒரு வருடத்துக்குள் பன்முகம் திரும்பிவிட்டது, ஆனால் வந்தமர்ந்தவை எல்லாம் பழைய ஆட்கள் இல்லை. நாட்பட்ட மாசில் குறியீடு குறையாமலே இருக்கலாம், கூடவும் செய்யலாம். காரணம், சேற்றில் பல நிலைகள் ஒரே சென்டிமீட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். எண்ணூரில் ஷானன் ஒன்றும் சொல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

அதை விட வேலையைப் பாருங்கள். புதுச் சேற்றை வடிகட்டிய கடல்நீரில் கலக்கி, அம்மோனியம் சேர்த்து, இருட்டில் குலுக்கி, 24 மணி நேரத்தில் எவ்வளவு நைட்ரைட்டும் நைட்ரேட்டும் கூடியது என்று அளக்கலாம். நைட்ரஜனேற்றிகள் எண்ணெய்க்குச் சீக்கிரம் முகம் சுளிப்பவை. விலை குறைந்த அளவீடு, கல்லூரி நிறமானியே போதும்.

எண்ணெய் தின்னிகளை எண்ண வேண்டுமென்றால் 96 குழித் தட்டு. குழிக்கு 180 மைக்ரோலிட்டர் புஷ்னல்-ஹாஸ் ஊடகம், அதில் 2 சதவீதம் உப்பு. ஆல்கேன் தின்னிகளுக்கு 5 மைக்ரோலிட்டர் ஹெக்சாடெக்கேன். முதல் வரிசையில் 20 மைக்ரோலிட்டர் சேற்றுக் கரைசல், அங்கிருந்து பத்துப் பத்தாக நீர்த்துக்கொண்டே போங்கள். இரண்டு வாரம் கழித்து லிட்டருக்கு 3 கிராம் கொண்ட அயோடோநைட்ரோடெட்ரசோலியம் வயலெட் 50 மைக்ரோலிட்டர். மூச்சு விடுகிற குழி சிவக்கும். எத்தனை சிவந்தது என்று எண்ணி அட்டவணையில் பாருங்கள். கடைசி வரிசைக்குச் சேறு போடாதீர்கள். அதுவும் சிவந்தால் தட்டு முழுக்கக் குப்பைக்கு.

#19 மறுபக்கம்

இது ஆக்சிஜன் உள்ளவங்களை மட்டும்தானே எண்ணும்?

#20 நுண்ணுயிரன்

ஆமாம். சல்ஃபேட் ஒடுக்கிகளுக்கு டிஎஸ்ஆர்-பி மரபணுவை குவாண்டிடேட்டிவ் பிசிஆரில் எண்ணுங்கள், 0–1 சென்டிமீட்டரையும் 3–5 சென்டிமீட்டரையும் தனித்தனியாக.

#21 சேற்றுவாசம்

ஒப்பீட்டு இடத்தை மறந்துவிடாதீர்கள். எண்ணூருக்கு "முன்பு" என்று ஒரு மாதிரி கிடையாது. அதனால் சுத்தமான இடம் ஒன்றைத் தெற்கே எங்கோ மணற்கரையில் எடுத்து வந்து ஒப்பிடுவார்கள். மணலும் களியும் ஒன்றா? எண்ணெய் களியில்தான் ஒட்டும், பாக்டீரியாவும் களியில்தான் அதிகம். மணிப்பருமனும் கரிமக் கார்பனும் அளக்காமல் ஒப்பிட்டால், நீங்கள் கண்டது எண்ணெயின் விளைவா களியின் விளைவா என்று தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத் தூர்வாரல், கழிவுநீர் மூன்றும் அங்கே எண்ணெயோடு சேர்ந்தே வருகின்றன. ஒரே மணிப்பருமன், ஒரே உப்புத்தன்மை, எண்ணெய் மட்டும் வேறு என்று இரண்டு இடம் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் எண்ணெய் அளவை ஏறுவரிசையில் வைத்து, மற்றவற்றையும் கூடவே அளந்து, எது எதோடு நகர்கிறது என்று பாருங்கள்.

பருவமழைக்கு முன்னும் பின்னும் இரு முறை எடுங்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் கழிமுக முகத்துவாரம் அரித்து, மேல்சேறே இடம் மாறியிருக்கும்.

#22 நீரோட்டம்

திருத்திய திட்டம், சரிபார்த்துச் சொல்லுங்கள்:

கழிமுகத்தில் 3, வெளிக்கடலில் 2, ஆக 5 இடம். இடத்துக்கு 3 கோர், நாலு வெட்டு, இரண்டு பருவம். 120 மாதிரி. எல்லாவற்றிலும் மணிப்பருமன், கரிமக் கார்பன். 0–1, 3–5 வெட்டுகளில் மட்டும் ஹைட்ரோகார்பன், 16எஸ், மொத்த நகல், டிஎஸ்ஆர்-பி. தட்டு எண்ணிக்கையும் நைட்ரஜனேற்றமும் 0–1 வெட்டில் மட்டும். கோர் எடுத்த அன்றே ஒரு கோரில் ஆக்சிஜன் நுண்மின்முனை இறக்கிப் பார்க்கலாம் என்றும் நினைக்கிறேன், கருவி இரவல் கிடைத்தால்.

#23 நுண்ணுயிரன்

நன்றாக இருக்கிறது. நுண்மின்முனை கிடைக்காவிட்டால் நிறமாற்றக் கோட்டையாவது ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பழுப்பு எங்கே கறுப்பாகிறதோ, ஆக்சிஜன் அதற்கும் மேலேயே தீர்ந்திருக்கும். முனையை இறக்குவதானால் அந்தக் கோரை வெட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், நாலாவதாக ஒன்று தனியாக எடுங்கள். எண்ணெய் பட்டால் முனையின் சவ்வு கெடும், இரவல் கொடுத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

#24 சேற்றுவாசம்

தட்டுக்கும் நைட்ரஜனேற்றத்துக்கும் உள்ள சேற்றை உறையவைக்காதீர்கள், 4 டிகிரி, மறுநாளுக்குள் முடியுங்கள். 16எஸ் சேற்றை உறையவையுங்கள். இரண்டையும் ஒரே குப்பியில் எடுத்துவிட்டு லேபுக்கு வந்து விழிப்பது எல்லா வருடமும் நடக்கிறது. குப்பி மூடிக்கு மூன்று நிறம் வையுங்கள். லேபிளைக் குப்பியின்மேல் எழுதுங்கள், மூடியில் வேண்டாம்.